நஸ்ரீன் உட்காரச் சொன்னாள்

பள்ளியில் நான் பார்த்துவந்த கைடு, அதாவது சாரணியர் அணியின் பொறுப்பை இப்போது ஏற்றிருக்கும் ஆசிரியை போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். பெண் பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பை வளர்க்கும் பயிற்சி நடத்தும்படி பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். பயிற்சி முழுக்க ஹாலுக்குள்தான். திரையில் படம் காட்ட வேண்டும், பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து பேச வேண்டும், முடிவில் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வெளியே அழைத்துப் போவதென்றால் பல இடங்களில் அனுமதி வாங்க வேண்டியிருப்பதால், இப்போது யாரும் அழைத்துப் போவதில்லை.

"எனக்கும் அதுல நிம்மதிதான் டீச்சர். பிள்ளைங்கள வெளியில கூட்டிட்டுப் போகவே பயமா இருக்கு. நீங்கல்லாம் எப்படி பயப்படாம போனீங்க?" என்று கேட்டார்.

பயப்படாமல் ஒரு நாளும் போனதில்லை என்றேன். நான் ஏதோ அடக்கமாகப் பேசுவதாக நினைத்துச் சிரித்தார். அவர் போன பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. நான் சொன்னது நிஜம். பள்ளி வேனில் ஏறும்போது தொடங்கும் பயம், கடைசிப் பிள்ளையின் வீட்டுக் கதவு சாத்தப்படும் வரை எனக்கு நீங்கியதே இல்லை. அந்தப் பயத்தோடு என்ன செய்தோம் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பேச்சில் வராததை எழுதிப் பார்க்கிறேன்.

திருநள்ளாறு பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். புதிதாக வந்தவள், கல்யாணம் ஆகாதவள் என்பதால் கைடு பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். புதுச்சேரியில் முகாம் போட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். முடிச்சுப் போடவும், கூடாரம் அடிக்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும் கற்றுக்கொண்டு வந்தேன். பிறகு பல வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, அணிவகுப்பு நடத்தி, பரிசும் வாங்கினோம். நான் சொன்னால் அத்தனை பேரும் ஒரே ஆள் போலத் திரும்புவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அந்தப் பெருமை ஆண்டு விழா ஒன்றில் ஆட்டம் கண்டது. மேடையில் குத்துவிளக்கிலிருந்து திரைச்சீலையின் ஓரத்தில் தீப்பிடித்தது. சின்னத் தீதான். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. வாளிக்கு அருகில் எங்கள் அணித்தலைவி நின்றிருந்தாள். தீ ஒரு முழம் ஏறும் வரை அவள் கூட்டத்துக்குள் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் கத்திய பிறகுதான் தண்ணீரை ஊற்றினாள். அன்று தீயைவிட அந்தப் பெண்ணின் கண்கள்தான் என்னைப் பயமுறுத்தின. சொன்னால் மட்டும் செய்கிற பிள்ளைகள். சொல்ல ஆள் இல்லாவிட்டால்?

அந்தக் கேள்வியோடு நான் இருந்த காலத்தில்தான் லூர்து மேரி தலைமையாசிரியையாக வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். அவர் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்று ஊரில் சொல்வார்கள். அந்த மிடுக்கு எதுவும் அவரிடம் கிடையாது. குரலை உயர்த்தவே மாட்டார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மாணவி ஒருத்தி நின்றுகொண்டு பேசினால் அவரும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். பேசி முடிக்கும் வரை உட்கார மாட்டார். முதலில் பிள்ளைகள் மிரண்டுபோனார்கள்.

இன்னொன்று, யார் எதைக் கேட்டாலும் உடனே சரி என்றோ கூடாது என்றோ சொல்ல மாட்டார். "நான் இன்னிக்கு லீவுன்னு வச்சுக்க. நீ என்ன பண்ணியிருப்பே?" என்பார். பிள்ளை விழிக்கும். அவர் காத்திருப்பார். எத்தனை நேரமானாலும் காத்திருப்பார். பிள்ளை ஏதாவது சொல்லும். அது முட்டாள்தனமாக இல்லையென்றால், "அதையே செய்" என்பார். முட்டாள்தனமாக இருந்தால், "செஞ்சா அப்புறம் என்ன ஆகும்?" என்பார். இந்த இரண்டு கேள்விகளைத் தவிர அவர் வேறு எதையும் பெரிதாகப் போதித்ததாக எனக்கு நினைவில்லை.

அணித்தலைவியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அவர் மாற்றினார். அந்த வருஷம் நான் கயல்விழியை மனதில் வைத்திருந்தேன். காரைக்கால்மேட்டுப் பெண். அப்பாவுக்குக் கடல் தொழில். கணீரென்ற குரல், நல்ல நீச்சல், எதற்கும் முன்னால் நிற்பாள். லூர்து மேரி டீச்சர் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, நடுரோட்டில் உனக்கு மயக்கம் வந்தால் யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். பாதிக்கு மேல் நஸ்ரீன் பெயரைச் சொன்னார்கள், அவளே தலைவியானாள். எனக்கு ஆச்சரியம். நஸ்ரீன் பத்தாம் வகுப்பு. பெரிய கடைத்தெருவில் அவள் வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. ஒல்லியான பெண். பேசினால் அடுத்த பெஞ்சுக்குக் கேட்காது. தண்ணீரைக் கண்டால் பயம். கயலுக்கு முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன்.

வெளியே போவதற்கு முந்தைய வாரம் ரசாயன லேபில் ஒரு கூட்டம் நடக்கும். போகிற பிள்ளைகள் எல்லாரும் நீள மேசைகளைச் சுற்றி நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்து நிற்பவள், அப்படி நடந்தால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. இதெல்லாம் பிள்ளைகளை இன்னும் பயமுறுத்துமே என்று நான் முதலில் தடுத்துப் பார்த்தேன். லூர்து மேரி டீச்சர், பயம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது, நாம் புதிதாகக் கொடுக்கவில்லை என்றார்.

மண்டபத்தூர் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போவதற்கு முன் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. ஒருத்தி நாய் என்றாள். ஒருத்தி, வழியில் வயிற்றுவலி வந்தால் என்றாள். நஸ்ரீன் முறை வந்தது.

"எல்லாரும் ஒரே நேரத்துல ஓடினாங்கன்னா எனக்கு பயம் டீச்சர்."

விதியை மறந்து பலர் சிரித்துவிட்டார்கள். லூர்து மேரி டீச்சர் சிரிக்கவில்லை. எதற்காக ஓடுவார்கள் என்று கேட்டார். எதற்காகவாவது ஓடினால், தான் கத்தினாலும் நிற்க மாட்டார்கள் என்றாள் நஸ்ரீன். அவளுக்கு அடுத்து நின்றது கயல். என்ன செய்வது என்று அவள்தான் சொல்ல வேண்டும். "நில்லுன்னா யாரு நிப்பா? உக்காரச் சொல்லலாம். உக்காந்தவ ஓட முடியாதுல்ல" என்றாள், கொஞ்சம் கேலியாகத்தான். மறுநாள் மைதானத்தில் அதைப் பழகிப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஓட வேண்டும், நஸ்ரீன் விசில் ஊதி உட்காரச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் உட்கார்ந்தார்கள், மீதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயல் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

மாசி மாதம். பிள்ளைகளோடு ஆசிரியை என்று நான் மட்டும்தான் போயிருந்தேன். கடல் பெரிதாகச் சீறாத காலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிளாஸ்டிக்கைப் பொறுக்கிச் சாக்குகளில் கட்டினோம். வெயில் சாயத் தொடங்கியதும் பிள்ளைகள் கைகால் கழுவக் கேட்டார்கள். கணுக்கால் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லி, இரண்டு இரண்டு பேராகக் கழுவிவரும்படி நஸ்ரீன் ஏற்பாடு செய்தாள். நான் கொஞ்சம் மேட்டில், வேனில் சாக்குகளை ஏற்றிவிட்டுக் கரையைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

எட்டாம் வகுப்பு சுகன்யா காலைக் கழுவும்போது ஒரு செருப்பு நழுவி மிதந்தது. இரண்டடி தள்ளி மிதந்த செருப்பைக் குனிந்து எடுக்கப் போனாள். அந்த இடத்தில் மட்டும் அலை உடையாமல் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தது. அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது என்று மீனவர்கள் பிறகு சொன்னார்கள். முழங்கால் வரை நின்றவள் அடுத்த பார்வையில் இடுப்பு வரை தண்ணீரில் இருந்தாள். அதற்கடுத்த பார்வையில் தலை மட்டும் தெரிந்தது. அந்தத் தலையும் கரையிலிருந்து விலகிக்கொண்டே போனது.

நான் ஓடினேன். எனக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் ஓடினேன். எனக்கு முன்னால் பிள்ளைகள் எல்லாரும் தண்ணீரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்தபடி, சங்கிலி மாதிரி போய் எட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். என் நெஞ்சுக்குள் ஒரு படம் ஓடியது. ஒரு பிள்ளை இல்லை, அத்தனை பிள்ளைகளும் கடலுக்குள் போவதாக. அந்தப் படம் இன்றும் சில நாள் வருகிறது.

அப்போது நஸ்ரீன் ஓடிவந்து பிள்ளைகளுக்கும் கடலுக்கும் நடுவில் நின்றாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். விசிலை வாயில் வைத்தாள், சத்தம் வரவில்லை. வாய் அவ்வளவு உலர்ந்திருந்தது. விசிலைத் துப்பிவிட்டுக் கத்தினாள்.

"உக்காரு. எல்லாரும் உக்காரு."

அந்தக் குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. முன்னால் ஓடியவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். கயல் மட்டும் துப்பட்டாவை உருவி எறிந்துவிட்டு அவளைத் தாண்டிப் போனாள். நஸ்ரீன் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கயல் திமிறினாள். எனக்கு நீந்தத் தெரியும், விடுடி என்று அவள் கைகளில் அடித்தாள்.

"நீ இறங்குனா நாலு பேரு உன் பின்னாடி இறங்குவாங்க. என்னால நிறுத்த முடியாது. போட்டைக் கூப்பிடு கயல். உன் குரல்தான் கேக்கும். ஓடு."

கயல் அவளைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. ஆனால் திரும்பி ஓடினாள். கரையோரம் தள்ளி, ஏற்றி வைத்திருந்த ஃபைபர் போட்டுகளின் பக்கம் சிலர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதி தூரத்திலிருந்தே அவள் கத்தியது எங்களுக்குக் கேட்டது.

நான் அதற்குள் தண்ணீரின் ஓரத்துக்கு வந்துவிட்டேன். நஸ்ரீன் என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். "டீச்சர், நீங்களும் உக்காருங்க" என்றாள். நான் உட்கார்ந்தேன்.

பிறகு அவள் பிள்ளைகளிடம், சுகன்யாவின் தலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் எல்லாரும் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கச் சொன்னாள். யாரும் அழக் கூடாது, அழுதால் கண் மறைத்துவிடும் என்றாள். மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே திசையில் கையை நீட்டினார்கள். அலை எழும்பும்போது தலை மறையும். அப்போதெல்லாம் என் உயிர் போய்த் திரும்பும். மறுபடி ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். கைகள் அந்தப் பக்கம் நகரும். நஸ்ரீன் ஒரு முறைகூடக் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. யார் எழுந்திருக்கிறார்கள் என்று முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போட்டை அலையில் இறக்க அவர்கள் பட்ட பாடு! முதல் அலை போட்டைத் திருப்பித் தள்ளியது. இரண்டாவது தடவை இறங்கியதும் எஞ்சின் உடனே பிடிக்கவில்லை. பிடித்த பிறகும், தாழ்வான போட்டிலிருந்து அவர்களுக்குத் தலை தெரியவில்லை. கரையில் நீட்டியிருந்த கைகளைப் பார்த்துத்தான் போட்டைத் திருப்பினார்கள். ஒருவர் குதித்தார். கொஞ்ச நேரம் அவரும் தெரியவில்லை. பிறகு சட்டைக் காலரோடு பிடித்து சுகன்யாவைத் தூக்கினார்கள்.

கரைக்கு வந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. குப்புறக் கவிழ்த்ததும் வாந்தியெடுத்தாள், இருமினாள். நாங்கள் அழுதது அப்போதுதான். வேனிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறது, சில நாள் இருக்க வேண்டும், பயமில்லை என்றார் டாக்டர்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் ஊருக்குள் வேறு மாதிரிப் பரவியது. பிள்ளை தண்ணீரில் தத்தளித்தபோது, காப்பாற்றப் போனவர்களை ஒருத்தி பிடித்து வைத்துக்கொண்டாளாம். நீந்தத் தெரிந்த பெண்ணைக்கூட விடவில்லையாம். நஸ்ரீனின் வாப்பா பள்ளிக்கு வந்தார். அவர் கோபப்படவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள், மகள் வீட்டில் சாப்பிடுவதில்லை, இந்தப் பொறுப்பு அவளுக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னார். கயல் நஸ்ரீனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

பிறகு ஒரு நாள் சுகன்யாவின் அம்மா வந்தார். அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். நஸ்ரீன் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று நான் லூர்து மேரி டீச்சரின் காதில் சொன்னேன். அவர் நஸ்ரீனை வரவழைத்து, வராந்தாவிலேயே நிறுத்தி, சுகன்யாவின் அம்மா வந்திருக்கிறார், கோபமாக இருக்கிறார், நீ பார்க்க வேண்டியதில்லை, பார்க்கிறாயா என்று கேட்டார். நஸ்ரீன் உள்ளே வந்தாள். அவள் நின்றதால் லூர்து மேரி டீச்சரும் உட்காராமல் நின்றார். நானும் நின்றேன்.

"நீதான் எல்லாரையும் புடிச்சு நிறுத்துனியா?"

"ஆமாம்மா."

"எம் பொண்ணு செத்துப் போயிருந்தா?"

நஸ்ரீன் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அதத்தாம்மா நானும் டெய்லி நெனைக்கிறேன். செத்துப் போயிருந்தாலும் நான்தாம்மா நிறுத்துனேன்."

அந்த அம்மா அவளை நெருங்கி வந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் ஓரடி முன்னால் வைத்தேன். அவர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் நஸ்ரீன் பொறுப்பிலிருந்து விலகுவதாக வந்து சொன்னாள். லூர்து மேரி டீச்சர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அணிப் பிள்ளைகளை லேபில் கூட்டி, அவர்களே பேசி முடிவு செய்யட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு என்னோடு வராந்தாவில் நின்றார். உள்ளே சத்தம் ஏறியும் இறங்கியும் கேட்டது. கயலையே தலைவியாக்கிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். அவளும் அதை விரும்பியவள்தானே.

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வந்ததும் கயல்தான்.

"நஸ்ரீனே இருக்கட்டும் டீச்சர்" என்றாள். ஏன் என்று கேட்டார் லூர்து மேரி டீச்சர்.

"எனக்கு இன்னும் அவ மேல கோவம் போகல. நான் போயிருந்தா சீக்கிரமா புடிச்சிருப்பேன்னுதான் தோணுது. ஆனா வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்."

உள்ளே, கடைசி மேசையில் உட்கார்ந்திருந்த நஸ்ரீன் எழுந்தாள். "எனக்கு பயமா இருக்கு டீச்சர்" என்றாள். லூர்து மேரி டீச்சர், இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான். நான் இன்னும் ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவள் வாப்பாவிடம் பேசவும் அவர் போகவில்லை. நஸ்ரீனே பேசிக்கொண்டாள். என்ன பேசினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கோடை விடுமுறைக்கு முன்பு இன்னொரு முறை வெளியே போனோம். கடற்கரைக்கு இல்லை, திருநள்ளாறு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மரக்கன்று நட. ஆனாலும் அன்று காலை பள்ளி வாசலில் இருந்த யாருக்கும் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கும்தான். நஸ்ரீனைக் காணவில்லை என்று தேடிப் போனேன். வேனுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கயல் தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்து அவள் கையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நஸ்ரீன் வாய் கொப்பளித்து, முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

சுகன்யா வர மாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். கிளம்பும் நேரத்தில் அவள் அம்மா அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். நான் வேன் படிக்கட்டில் நின்றிருந்தேன். கையை நீட்டினேன். அந்த அம்மா என்னைத் தாண்டிப் போனார். மகளின் கையைக் கொண்டுபோய் நஸ்ரீனின் கையில் வைத்தார். வேன் தெருமுனை திரும்பும் வரை அதே இடத்தில் நின்றிருந்தார்.

நஸ்ரீன் இப்போது வெளியூரில் நர்ஸாக இருக்கிறாள். சுகன்யா கல்லூரியில் படிக்கிறாள். சில மாதத்துக்கு முன்பு கடைத்தெருவில் சுகன்யாவைப் பார்த்தேன். அன்றைக்கு வேனில் பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"எனக்கு இல்ல டீச்சர். நஸ்ரீன் அக்காவுக்குத்தான். கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. போய்ச் சேர்ற வரைக்கும் விடவே இல்ல."